சைக்கிளில் காட்டு மலை: மறையூரா, வால்பாறையா, மேல்மலையா, தாளவாடியா?

கியர் சைக்கிள் வாங்கி ஒரு வருடம் ஓட்டியவர்களுக்கு ஊரைச் சுற்றுவது போதாமல் போகும். மூன்று நான்கு நாள் விடுப்பு எடுத்து, கேரியரில் பையைக் கட்டி, மலையேறி, காட்டோரக் கிராமங்களில் தங்கி வர வேண்டும் என்று மனம் இழுக்கும். அப்போது எங்கே போகலாம் என்று கேட்டால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: உடுமலையிலிருந்து சின்னாறு காடு வழியாக மறையூர், மூணாறு, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்கள், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறித் தாளவாடி. நான்கும் காப்புக்காடுகளை ஒட்டியோ ஊடறுத்தோ போகிற வழிகள்.

பெரும்பாலும் இவற்றைக் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையையும் காட்சிமுனைகளையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். அது காரில் போகிறவர்களின் கணக்கு. சைக்கிளுக்கு நான் வேறு அளவுகோல் வைப்பேன். காலை ஏழு மணிக்கு மேல் காட்டுக்குள் நுழைந்து மாலை நான்கு மணிக்குள் ஓர் ஊருக்குள் போய்விட முடியுமா? முடியும் என்றால் அந்த வழி நல்ல வழி. மழையோ பஞ்சரோ யானையோ இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டாலும் முடியும் என்றால் அது முதல் பயணத்துக்கு ஏற்ற வழி.

சுமையோடு மலையேறும் சைக்கிள் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் போகும். கார் அரை மணியில் கடக்கும் காட்டில் நீங்கள் இரண்டு மணிக்கு மேல் இருக்கப் போகிறீர்கள். இன்னொன்றும் இருக்கிறது: சைக்கிளுக்குச் சத்தமில்லை. லாரி வருவது யானைக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும்; சைக்கிள் வளைவு திரும்பும்போதுதான் தெரியும். திடுக்கிட்ட யானை விலகிப் போகும் என்று நம்பியிருக்க முடியாது. கரடியும் காட்டுமாடும் அப்படித்தான். காட்டுச் சாலையில் வளைவுக்கு முன் கூட வருகிறவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போவது நல்லது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போவதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

சட்டத்தையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்கிறது. அதில் உள்ள சில விலக்குகளில் ஒன்று, பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர்களுக்கானது. நமக்குக் கிடைத்திருப்பது அந்த விலக்கு மட்டும்தான். தார் ஓரத்தைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் சக்கரத்தை இறக்கினால் அது முடிந்துவிடும். ஓடைக்கரையில் கூடாரம், காட்டுக்குள் அடுப்பு, கேமராவோடு உள்ளே பத்தடி என்ற ஆசைகள் எல்லாம் இந்த நான்கு வழிகளிலும் குற்றம். கூடாரமடித்துத் தங்குவதுதான் உங்கள் பயணத்தின் உயிர் என்றால் காப்புக்காடு உங்களுக்கான இடமில்லை.

சின்னாறு – மறையூர் – மூணாறு

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: காட்டுவழிச் சைக்கிள் பயணத்தை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

உடுமலைப்பேட்டையில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமவெளியில் போகும் சாலை, அமராவதி அணைப் பக்கம் பிரியும் வழியைத் தாண்டி ஒன்பதாறு சோதனைச்சாவடியை அடையும். அதுவரை உடம்பு சூடேறுவதற்கான ஓட்டம். சாவடிக்கு அப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதிக் காடு. சின்னாற்றுப் பாலம் தாண்டினால் கேரளம், சின்னாறு வன உயிரினச் சரணாலயம். 1984இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு 90 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே 16 கிலோமீட்டருக்குச் சாலை போகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் காட்டையும் சேர்த்து, சுமையோடு போனால் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். காலை ஏழரைக்குச் சாவடியைத் தாண்டினால் மதியச் சாப்பாடு மறையூரில். பிற்பகல் முழுவதும் கையிருப்பு நேரம். இந்தக் கையிருப்பு மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு கிடைக்காது.

காடும் வேறு மாதிரி. கேரளம் என்றதும் பச்சையையும் ஈரத்தையும் நினைத்துக்கொண்டு வருகிறவர்களைச் சின்னாறு வியக்க வைக்கும். மேற்கேயுள்ள மலைகள் தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால் இது மழைமறைவுப் பகுதி. ஆண்டு முழுவதும் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். முள்மரங்கள், கள்ளி, வெடித்த பாறைகள், தூரத்தில் கோடாகத் தெரியும் தூவானம் அருவி. சைக்கிள்காரருக்கு இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. மரங்கள் நெருங்கி இருளாத காடு என்பதால் சாலையின் இருபுறமும் வெகுதூரம் பார்க்க முடியும். புதருக்குப் பின்னால் நிற்கும் யானையை ஐந்து மீட்டரில் அல்ல, ஐம்பது மீட்டருக்கு முன்பே காணும் வாய்ப்பு அதிகம். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்கலாம். வால் வரை சேர்த்தால் கைநீளத்துக்கு மேல் இருக்கும், கிளைவிட்டுக் கிளை தாவும்போது இலைகள் பொழியும். நட்சத்திர ஆமை சாலையைக் கடப்பதும் உண்டு. அதைக் கையில் எடுக்காமல், பின்னால் வரும் வண்டியை நிறுத்தி வழிவிட வைத்தாலே போதும்.

வெயில்தான் இந்த வழியின் விலை. மார்ச் முதல் மே வரை சாவடிக்கும் மறையூருக்கும் இடையே சூடு உடலை வற்றச் செய்துவிடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் ஒன்பதாறிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மறையூர் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு. கரும்பு வயல்கள், நடுவே புகைபோக்கியோடு ஆலைக்கொட்டகைகள். பாகு காய்ச்சும் மணம் சாலைவரை வரும். சூட்டோடு உருண்டை பிடிக்கும் மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சைக்கிள் பையில் பிஸ்கட் வைப்பதற்குப் பதில் இரண்டு உருண்டை வெல்லம் வைத்துக்கொண்டால் மறுநாள் ஏற்றத்துக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. ஊரையொட்டிப் பாறைத்திட்டுகளில் பெருங்கற்காலத்து முனியறைகள் (கற்பலகைகளால் ஆன பழைய ஈமக் கல்லறைகள்), கம்பிவேலிக்குள் சந்தனக்காடு. வேலிக்கு உள்ளே மாலையில் மான்களும் காட்டுமாடுகளும் மேய்வதைச் சாலையில் நின்றே பார்க்கலாம். சரணாலயத்துக்குள் முதுவர்களும் மலைப்புலையர்களும் வாழும் பதினொரு குடியிருப்புகள் உள்ளன. அங்கே நாமாகப் போக முடியாது. வனத்துறையின் நடைப்பயணங்களில் வழிகாட்டிகளாக வருபவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான் என்பதால், மறையூரில் ஒரு நாள் சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்து அவர்களோடு நடந்தால் காடு வேறாகத் தெரியும். அவர்கள் பேசும் பேச்சில் தமிழ் தெளிவாகக் கேட்கும். மொழிக்குத் தடுமாற வேண்டியதில்லை.

மறையூரிலிருந்து மூணாறு 40 கிலோமீட்டர். ஏற்றம் நீளமானது, ஆனால் முரட்டுத்தனமில்லாதது. லக்கம் அருவி, வாகுவரை, தலையாறு என்று தேயிலைத் தோட்டங்களின் ஊடாக ஏறி, இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை வாசலைத் தாண்டிப் போகும். 1978இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டிபோடும் காலத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், பார்வையாளர்களை விடுவதில்லை. பெரிய சாலை மட்டும் திறந்திருக்கும். வார இறுதிகளில் ராஜமலை வாசலில் கார்கள் வரிசை கட்டும் என்பதால் இந்த நாளை செவ்வாய், புதன் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வழியைப் பரிந்துரைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மூணாறிலிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு என்று போய், 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் போடிநாயக்கனூர். 2023 ஜூன் முதல் போடிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. சென்னைக்கும் வாரத்தில் சில நாள் உண்டு. ரயிலில் உடுமலையில் இறங்கி, போடியில் ரயிலேறலாம். நான்கு நாள் போதும். பெரியகானல், ஆனையிறங்கல் பக்கம் மட்டும் கவனம் தேவை. 2023 ஏப்ரலில் பிடித்து வேறு காட்டுக்கு மாற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை நடமாடிய சின்னக்கானல் இதே சாலையோரம்தான். வேறு யானைகள் இன்னும் அங்கே உண்டு. அந்தப் பகுதியை நடுப்பகலில் கடக்கும்படி மூணாறிலிருந்து புறப்படும் நேரத்தை வையுங்கள்.

வால்பாறை

அழகில் நான்கிலும் முதலிடம் இதற்குத்தான். அதனாலேயே எல்லோரும் முதல் பயணத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் இரண்டாவது பயணத்துக்கு ஒத்திவைக்கச் சொல்வேன்.

பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை சமதளம். குரங்கருவிச் சாவடிக்குப் பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். சாய்வு கொடூரமில்லை, சீராகவே ஏறும். ஆனால் இடைவிடாமல் ஏறும். அட்டகட்டிக்கு முன் உட்கார்ந்து சாப்பிட ஒரு கடை கிடைப்பது அரிது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஊருக்குள் போய்ச்சேர, நன்றாக ஓட்டுகிறவருக்கே ஓய்வும் சேர்த்து ஏழு மணி நேரம் பிடிக்கும். காலை ஏழுக்கு ஏறத் தொடங்கினால் பிற்பகல் இரண்டு. கையிருப்பாக இருப்பது இரண்டே மணி நேரம். கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் போய்விடும்; பத்தடி முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. அதனால் முந்தின இரவு பொள்ளாச்சியில் தங்காமல் ஆழியாறில் தங்குவது இந்த வழிக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். சமதளத்து 24 கிலோமீட்டரை முந்தின நாளே முடித்துவிட்டால் வெயிலேறுவதற்குள் பாதி வளைவுகள் கழிந்திருக்கும்.

ஒன்பதாவது வளைவில் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே தெரியும் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே வரையாடுகள் தடுப்புச்சுவர் மேலேயே வந்து நிற்கும். இவ்வளவு அருகில், இவ்வளவு அச்சமின்றி அவற்றைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அந்த அச்சமின்மைக்குக் காரணம் மக்கள் கொடுக்கும் தீனி என்பதுதான் வருத்தம். உப்புக்கடலையும் சிப்ஸும் தின்று பழகிய வரையாடு வண்டிச் சக்கரத்தில் மாட்டும். சைக்கிளில் வருகிறவர்களாவது பையைத் திறக்காமல் பார்த்துவிட்டு நகர வேண்டும். குரங்கருவி அருகே பையைத் திறக்காவிட்டாலும் குரங்குகள் தாமே திறக்கும். சாப்பாட்டைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் உள்ளே வைத்து இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

மேலே ஏறிய பிறகுதான் வால்பாறையின் உண்மையான சைக்கிள் சுகம். 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் முழுவதும் தேயிலையும் காப்பியும், இடையிடையே வெட்டாமல் விட்ட சோலைத் துண்டுகளும். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். தோட்டத்துச் சாலைகள் மேடும் பள்ளமுமாக ஓடும்; எஸ்டேட் லயன் வீடுகளின் அருகே சின்ன டீக்கடைகள், ரேஷன் கடை, மாரியம்மன் கோவில், தேவாலயம். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக் கூட்டங்கள் சாலையைக் கடக்கும். அவை அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்குபாலங்களைத் தலைக்கு மேலே பாருங்கள். பெரிய இருவாட்சி பறக்கும்போது சிறகோசை இரைச்சலாகவே கேட்கும். இன்ஜின் சத்தமில்லாத வண்டியில் வருகிறவருக்குத்தான் அது முழுதாகக் கேட்கும்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு நடந்துவருகிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆய்வாளர்கள் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் தெரிவிக்கிறார்கள். சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கு எரிந்தால் அருகில் யானை இருக்கிறது என்று பொருள். இந்தப் பணிக்காக அவர்களில் ஒருவரான ஆனந்தகுமார் 2015இல் விட்லி என்ற வன உயிரினப் பாதுகாப்பு விருதைப் பெற்றார். தொழிலாளர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்காக ஏற்பட்ட முறை இது. நாமும் அதையே நம்பலாம்: தங்கும் விடுதியில், டீக்கடையில், பஸ் நடத்துநரிடம் காலையில் கேட்டால் எந்தத் தோட்டத்தில் யானை என்று சரியாகச் சொல்வார்கள். சொன்ன பிறகும் அந்தச் சாலையில் போனால் பழி நம்முடையது. சிறுத்தைகள் அதிகமான இடமும்கூட. இருட்டிய பிறகு டீ குடிக்கக்கூடச் சைக்கிளில் வெளியே போக வேண்டாம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டை, வழுக்கல், மரம் சாய்தல் எல்லாம் சேர்ந்துவரும். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் இதற்கான காலம். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் முறை வந்துவிட்டது. அது மோட்டார் வண்டிகளின் நெரிசலைக் கட்டுப்படுத்த வந்தது. ஆனாலும் புறப்படுமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்குவது பலரின் கனவு. அந்தச் சாலை உண்மையிலேயே அழகு. ஆனால் மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் நடுவே மணிக்கணக்கில் அடர்காடு, யானை மிகுந்த காடு, கைபேசிச் சிக்னல் இல்லாத காடு. மரங்கள் நெருங்கி வளைவுகள் மறைந்த சாலை. சின்னாற்றின் திறந்தவெளி இங்கே கிடையாது. கேரள வனத்துறை சாவடியில் இரு முனையிலும் நேரத்தைக் குறித்து அனுப்புவார்கள். இருசக்கர வண்டிக்கான நேரமும் குறைவு. சைக்கிளை விடுவதும் விடாததும் அன்றைய நிலவரத்தைப் பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவு. அனுமதித்தாலும் நான் அந்தப் பகுதியைப் பஸ்ஸிலோ ஜீப்பிலோ சைக்கிளை ஏற்றிக்கொண்டுதான் கடப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொடைக்கானல் மேல்மலை

காடு பார்ப்பதைவிட ஊர் பார்ப்பதில் ஆசை கொண்டவர்களுக்கு மேல்மலைதான். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. மலைச்சரிவை முழுக்கப் படியாக வெட்டிய வயல்கள், பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ்; நடுவே நெருக்கியடித்த ஓட்டு வீடுகள். பூம்பாறை வளைவில் நின்று கீழே பார்த்தால் ஊர் முழுவதும் உள்ளங்கையில் கிடப்பது போலத் தெரியும். இந்தப் பகுதிப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டு வாசல்களில் கட்டுக்கட்டாகத் தொங்கும். குழந்தை வேலப்பர் கோவில் தேர்த் திருவிழா நாளில் போனால் சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துப் புல்வெளி, ஏரி. கூக்காலில் இன்னொரு ஏரி, அதன் கரையோடு சோலை. ஊருக்கு ஊர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்பதால், நாம் வைத்த அளவுகோலில் மேல்மலை சுலபமாகத் தேறிவிடும். காட்டுத் துண்டுகள் சிறியவை. எங்கே மாட்டிக்கொண்டாலும் அடுத்த ஊர் பக்கம்தான்.

2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் இந்த ஊர்களைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. யானையைவிட இங்கே காட்டுமாட்டுக்குத்தான் அஞ்ச வேண்டும். மேலே கொடைக்கானல் ஊருக்குள்ளேயே நடமாடும். அமைதியாக மேய்வதைப் பார்த்து நெருங்கிப் படமெடுக்கப் போனவர்கள் பலர் முட்டுப்பட்டிருக்கிறார்கள். சாலையில் நின்றால் சைக்கிளை விட்டு இறங்கி, நமக்கும் அதற்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருப்பதுதான் வழி.

சிக்கல், மேலே போய்ச்சேர்வதில். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். வத்தலக்குண்டிலிருந்து பெரிய சாலையில் ஏறினால் சுற்றுலா வேன்களும் பஸ்களும் ஓயாமல் உரசிக்கொண்டு போகும். 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், 2025 கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்த பிறகும், 4,000 வண்டி என்பது சைக்கிள்காரருக்குப் பெரிய எண்தான். பழனியிலிருந்து ஏறும் சாலை அதைவிட அமைதி, மரநிழலும் அதிகம். எனக்குப் பிடித்தது மூன்றாவது: சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறி ஓர் இரவு தங்கிவிடுவது. இது கீழ்மலை. காப்பி, மிளகு, மலைவாழை. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். மறுநாள் பண்ணைக்காடு வழியாக ஊத்துக்கு வந்து பெரிய சாலையில் சேரலாம். 1,800 மீட்டர் ஏற்றத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதால் முழங்கால் நன்றி சொல்லும். வேன் நெரிசலும் கடைசிப் பகுதியில் மட்டும்தான்.

மேல்மலையின் இன்னொரு குறை, அது முட்டுச்சந்து. கிளாவரையோடு நமக்கான சாலை முடிகிறது. அப்பால் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் வட்டவடை. வரைபடத்தில் பார்த்தால் கையெட்டும் தூரம்தான். பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பழைய மூணாறு சாலையும் வரைபடத்தில் இன்னும் தெரியும். இரண்டையும் பற்றிச் சைக்கிள்காரர்கள் ஓயாமல் விசாரிக்கிறார்கள். இரண்டும் நமக்கு மூடியவை. அந்தப் பக்கம் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா. இந்தப் பக்கம் பேரிஜத்துக்கே வனத்துறை அனுமதி வேண்டும். மூடியிருப்பதால்தான் அந்தச் சோலை இன்னும் சோலையாக இருக்கிறது. வந்த வழியே திரும்பத் தயாராக இருந்தால் மட்டும் மேல்மலைக்கு வாருங்கள்.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு; சைக்கிள் பாட்டிலும் ஓர் எவர்சில்வர் குடுவையும் போதும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். நல்ல கம்பளிக்கு இடம் வைக்காமல் பையைக் கட்டாதீர்கள்.

திம்பம் – தாளவாடி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பண்ணாரி அம்மன் கோவிலிலிருந்து திம்பம் வரை 27 வளைவுகள். அது கோவை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. 2013இல் புலிகள் காப்பகமான, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த சத்தியமங்கலம் காட்டின் நடுவே லாரிகள் வரிசையாக ஏறும். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, அந்த லாரிகள் எல்லாம் பகலில் வருகின்றன. நாமும் பகலில்தான் போயாக வேண்டும். வளைவில் பெரிய லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்வளைவை ஒட்டி வரும்; அந்த இடத்தில் சைக்கிளுக்கு ஒதுங்க இடமில்லை. மலையடிவாரத்திலும் மேலேயும் யானைகள் சாலைக்கு வருவது அன்றாடம். காரப்பள்ளம் சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கும் யானைகளைப் பற்றி நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். யானைக்கும் லாரிக்கும் நடுவே சைக்கிளோடு நிற்கும் நிலைமையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தாளவாடி மேட்டுநிலம் வேறு கதை. ராகி, மஞ்சள், முட்டைக்கோஸ் வயல்கள். கன்னடமும் தமிழும் கலந்த ஊர்கள். லேசான மேடுபள்ளச் சாலைகள். அதற்காகப் போக விரும்பினால் மைசூரிலிருந்து சாமராஜநகருக்கு ரயிலில் வந்து அங்கிருந்து தாளவாடிக்குள் நுழைவது நல்லது. மலைப்பாதை முற்றிலும் தவிர்ந்துவிடும். பெங்களூரு, மைசூர்க்காரர்களுக்கு இது அருமையான வார இறுதி. ஆனாலும் சுற்றிலும் காடு சூழ்ந்த விவசாய நிலம் அது. பயிருக்குள் இறங்கும் யானையோடு அந்த மக்கள் ஒவ்வொரு இரவும் போராடுகிறார்கள். கருப்பன் என்ற யானையைப் பிடித்து இடம் மாற்ற 2023 வரை எவ்வளவு பாடுபட்டார்கள்! மாலை நான்கு மணிக்குத் தாளவாடி ஊருக்குள் இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முன்

சைக்கிள் விஷயத்தில் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன்: முன்பல்சக்கரத்தின் மிகச் சிறிய வட்டத்தைவிடப் பின்பல்சக்கரத்தின் மிகப் பெரிய வட்டத்தில் பல் அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 34 என்றால் நான்கு மலையும் ஏறும். ரேஸ் சைக்கிளின் 34க்கு 28 என்ற கணக்கோடு, பன்னிரண்டு கிலோ சுமையோடு, வால்பாறை ஏறக் கூடாது. பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், தள்ளும் நேரம் காட்டுக்குள் கழியும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், நான்கு வளைவுக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். காட்டுப் பகுதியில் அல்ல, திறந்த வளைவில்.

ரயிலும் இந்த முடிவில் பங்கு பெறும். பழனி, உடுமலை, பொள்ளாச்சி மூன்றும் திண்டுக்கல் – பாலக்காடு பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. சென்னையிலிருந்து இரவு ஏறினால் அந்த ஒரே பாதையில் மேல்மலைக்கும் மறையூருக்கும் வால்பாறைக்கும் இறங்கலாம். சைக்கிளைப் பயணச்சீட்டோடு லக்கேஜாகப் பதிவு செய்யலாம். ஆனால் சிறிய நிலையங்களில் ரயில் நிற்கும் நேரம் குறைவு என்பதால், எந்த நிலையத்தில் ஏற்றி இறக்குவார்கள் என்று பார்சல் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, மூன்று நான்கு நாளும் ஒரு துணையும் இருந்தால், அக்டோபர் நவம்பர் மழை கழிந்து டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரிக்குள், உடுமலை – மறையூர் – மூணாறு – போடி. ஊர்களும் வயல்களும் வேண்டுமென்றால் தாண்டிக்குடி வழியாக மேல்மலை. அங்கே தனியாகப் போகிறவருக்கும் சிரமமில்லை. வால்பாறைக்கு, ஒரு முறையாவது ஆயிரம் மீட்டர் ஏற்றம் ஏறிப் பழகிய இருவர் மூவராக, ஆழியாறில் தங்கி. போடியில் இறங்கிய பிறகும் காலில் பலமும் கையில் ஒரு நாளும் மிஞ்சினால், சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறலாம்: பூக்களின் பெயர் சூட்டிய 18 வளைவுகள், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம். தென்பழனிச் சாவடி காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான்.

எந்த வழியானாலும், முந்தின மாலை அந்த வனச்சரக அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: நாளை சைக்கிளை விடுவீர்களா, எந்த நேரத்துக்குள் கடக்க வேண்டும், இப்போது யானை எந்தப் பக்கம் நிற்கிறது. வேண்டாம் என்று சொன்னால் விவாதிக்க வேண்டாம். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, அதில் சைக்கிள் ஏற்றுவார்களா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம்.